வாளிக்குள் விடும் ட்ரையர் காற்று: வாசகர் கேள்விகள், பதில்கள்

தை மாதம் வந்தால் என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் உடுப்புக் காயவைக்கும் ட்ரையர் பற்றியவைதான். வெளியே கொடி கட்ட முடியாது, கம்பளி உடுப்பு கூடிவிடும், மெஷின் ஓய்வில்லாமல் ஓடும். இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்திருக்கிறேன். முதலாவதுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணை, நாங்கள் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறோம். ட்ரையரின் பின்குழாயை வீட்டுக்காரர் வெளியே விடாமல், தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டிருக்கிறார். "உடுப்பில் இருந்து உதிரும் பஞ்சு தண்ணீரில் நின்றுவிடும், சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கும், ஹீற்றிங் காசும் மிச்சம்" என்கிறார். கார்த்திகையில் இருந்து யன்னல் எல்லாம் தண்ணீராக வடிகிறது. மகனின் கட்டில் பக்கச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் என் கணவரின் ஊர்க்காரர், கதைக்கவும் சங்கடம். இது சரியா?
வாசகி, ஸ்காபரோ

பதில்: சரியில்லை, தங்கச்சி. ஆனால் யன்னலையும் சுவரையும் பற்றிப் பேச முதல், ட்ரையரின் பின்பக்கம் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். அடுப்புக்கு இருப்பது போல அகலமான பெரிய பிளக் ஒன்று சுவரில் செருகியிருந்தால் அது மின்சார ட்ரையர். சாதாரண சின்ன பிளக்கும், அதோடு திறப்பு வைத்த ஒரு உலோகக் குழாயும் வந்து சேர்ந்தால் அது காஸ் ட்ரையர். காஸ் என்றால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு மெஷினை இப்போதே நிறுத்துங்கள். காஸ் எரிந்த புகையும் அதே குழாயால்தான் வருகிறது. அதில் காபன் மொனொக்சைட் இருக்கலாம். மணமும் இல்லை, நிறமும் இல்லை, வாளித் தண்ணீர் அதைத் தடுக்கவும் மாட்டாது. 2008 இல் கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரில் ஒரே வீட்டில் நான்கு பேர் இதே வாயுவால் இறந்தார்கள். அங்கே அடைபட்டிருந்தது காஸ் கணப்பின் போக்குக்குழாய். அதற்குப் பிறகுதான், 2014 ஒக்ரோபரில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் வைக்க வேண்டும் என்ற விதி ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பேஸ்மென்ற்றில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சார ட்ரையர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வாளி வேண்டாம். வொஷரில் நன்றாகச் சுற்றிப் பிழிந்து எடுத்த பிறகும், ஒரு முழுச் சுமை உடுப்பில் ஏறத்தாழ இரண்டு லீற்றர் தண்ணீர் இருக்கும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். குளியலறைத் தராசில் கூடையோடு ஈர உடுப்பை ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடை முழுவதும் உங்கள் அறைக்குள் காற்றோடு கலந்த தண்ணீர். பிள்ளைகள் உள்ள வீட்டில் கிழமைக்கு ஐந்து தடவை போட்டால் பத்து லீற்றர். ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து மகனின் கட்டில் மேல் ஊற்றினால் சும்மா இருப்பீர்களா? ட்ரையர் அதைத்தான் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது. அந்த ஈரம் வீட்டுக்குள்ளேயே மிகக் குளிரான இடத்தைத் தேடிப்போய்ப் படியும். யன்னல் கண்ணாடியும் வெளிச்சுவர் மூலையும்தான் அந்த இடங்கள். பூஞ்சணத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள், அது வந்துகொண்டே இருக்கும்.

பஞ்சு தண்ணீரில் நின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான். தண்ணீர் வற்றிவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். வேகமாக வரும் காற்று நுண்ணிய பஞ்சை மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும். பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் எரிந்துகொண்டிருக்கும் சின்ன அறைக்குள் அந்தப் பஞ்சு பறப்பதை நான் விரும்பவில்லை.

ஹீற்றிங் காசு விஷயத்தில் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் இந்த யோசனை வந்ததுதான், எனக்கும் வந்தது. ஆனால் மிச்சம் பிடிக்கிற சில டொலர்கள், நனைந்து ஊறின சுவர்ப்பலகையை மாற்றுகிற செலவுக்குக் கிட்டவும் வராது. அவரிடம் பூஞ்சணத்தைக் காட்டி இதைச் சொல்லுங்கள். முறைப்பாடு மாதிரிச் சொல்லாமல் "அண்ணை, உங்கட சுவர் பழுதாகிறது" என்று தொடங்கினால் ஊர்க்காரருக்குக் காது கேட்கும். கேட்காவிட்டால், திருத்த வேலை வீட்டுக்காரரின் பொறுப்பு என்று ஒன்ராறியோ வாடகைச் சட்டம் சொல்கிறது. வாடகைத் தீர்ப்பாயத்துக்கு ரீ6 என்ற படிவம் இருக்கிறது. அதை முதல் கடிதத்திலேயே நீட்ட வேண்டாம்.

சரி, வெளியே விடுவது எப்படி? பேஸ்மென்ற்றில் கொங்கிரீட் சுவர் முடிந்து, அதற்கு மேல் முதல்தளத்து மரச் சட்டம் தொடங்கும் இடம் இருக்கும். கொங்கிரீட்டை உடைக்காமல் அந்த மரத்தின் வழியாக நாலங்குலக் குழாய்க்குச் சற்றே பெரிய ஒரு ஓட்டை போட்டால் போதும். மெஷின் திருத்துகிற எனக்கு இது அரைநாள் வேலை, வெளியே செங்கல் என்றால் கொஞ்சம் கூட. ஓட்டை போட முதல் அதற்குள்ளால் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பார்க்காதவர்களை நான் கண்டிருக்கிறேன், அந்தக் கதை வேறு நாளைக்கு.

குழாய் வழுவழுப்பான உலோகக் குழாயாக இருக்க வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்குழாய் கடையில் மலிவாகக் கிடக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். அது எரியும். பளபளக்கும் மெல்லிய அலுமினியத்தாள் சுருளும் எனக்குப் பிடிப்பதில்லை. அதன் மடிப்பு ஒவ்வொன்றும் பஞ்சு உட்காரும் ஒரு திண்ணை. ட்ரையரில் இருந்து சுவர் வரைக்கும் உள்ள சின்னத் துண்டுக்கு மட்டும், ட்ரையருக்கென்றே தரச்சான்று பெற்ற வளையும் உலோகக் குழாயைப் பாவிக்கலாம். அதுவும் ஒரே துண்டாக, எட்டு அடிக்குள். சுவருக்குள்ளோ சீலிங்குக்குள்ளோ அதை மறைக்கக்கூடாது.

குழாய்த் துண்டுகளைப் பூட்டும்போது, சுருக்கிய முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் ஒவ்வொரு பூட்டிலும் பஞ்சு தட்டுப்படும். பூட்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்குரூவும் அதே வேலையைத்தான் செய்யும், மீன்முள் தொண்டையில் நிற்பது போல. அலுமினிய ரேப் சுற்றி ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி ரேப் சூட்டில் காய்ந்து கழன்றுவிடும். வெளிப்பக்கம் பார்த்துக் குழாய் இலேசாகச் சரியட்டும். வெளிமூடி நிலத்தில் இருந்து குறைந்தது ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும், பனி குவியும் பக்கம் என்றால் இன்னும் உயரத்தில். யன்னல், கதவு இவற்றில் இருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். ஃபர்னஸ் காற்றிழுக்கும் வெள்ளைக் குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம், ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஏசிப் பெட்டி பஞ்சை இழுத்துப் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு நின்றதைப் பல கோடைகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பேஸ்மென்ற்றில் இதுதான் முக்கியம். ட்ரையர் ஓடும்போது நிமிடத்துக்கு நூறு கன அடிக்கு மேல் காற்றை வெளியே தள்ளும். அவ்வளவு காற்றும் எங்கிருந்தோ உள்ளே வரத்தானே வேண்டும்? கதவைச் சாத்திய சின்ன அறை என்றால், அது சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கும். புகையும் கூடவே வரும். கதவுக்குக் காற்றுத்தட்டி போடுங்கள், குறைந்தது நூறு சதுர அங்குலத் திறப்பு வேண்டும். பத்தங்குலத்துக்குப் பத்தங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சோதனை. அறைக்கதவைச் சாத்தி ட்ரையரை ஓடவிட்டு, சுடுதண்ணீரையும் திறந்துவிடுங்கள். தாங்கி எரியத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து, அதன் தலையில் குடை மாதிரி இருக்கும் தகட்டின் ஓரத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. உங்கள் முகத்துக்கு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உரிமம் உள்ள காஸ் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள். காஸ் குழாயில் கைவைக்க அந்த உரிமம் கட்டாயம். கைராசிக்காரர் என்று யாரும் அனுப்புகிற ஆளை விட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் வொஷரும் ட்ரையரும் இரண்டாம் தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. துவாய்கள் காய மூன்று தடவை ஓடவிட வேண்டியிருக்கிறது. புது மெஷின் வாங்கினோம், அதுவும் அப்படித்தான். இரண்டு மெஷினும் பழுதாக இருக்க முடியுமா?
வாசகர், பிரம்ரன்

பதில்: முடியாது, தம்பி. இரண்டு மெஷினுக்கும் பொதுவாக உள்ளது சுவருக்குள் இருக்கும் குழாய்தான்.

பருத்தித்துறையில் அம்மா உடுப்புக் காயப்போடுவது வைகாசி, ஆனி மாதங்களில் எங்களுக்கு ஒரு வேடிக்கை. சோளகம் வீசும்போது சாரம் ஒரு மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். அதே வெயில், காற்று இல்லாத நாளில் மத்தியானம் வரைக்கும் இழுக்கும். ட்ரையரும் அப்படித்தான். சூடு தண்ணீரை ஆவியாக்கும், அவ்வளவுதான். அந்த ஆவியை வெளியே கொண்டுபோக ஓட்டம் வேண்டும். ஓட்டம் இல்லாவிட்டால் உடுப்பு தன்னுடைய ஆவியிலேயே அவிந்துகொண்டு கிடக்கும், புட்டு மாதிரி.

நீங்கள் அனுப்பிய படத்தின்படி குழாய் ஏழு அடி மேலே ஏறி, சீலிங்குக்கு மேல் இருபத்துநாலு அடி போய், மூன்று இடத்தில் முழுசாக மடங்குகிறது. அமெரிக்க வீட்டுக் கட்டடக் கோவையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மொத்தம் 35 அடி. ஒவ்வொரு 90 பாகை மடிப்புக்கும் 5 அடி, 45 பாகை மடிப்புக்கு இரண்டரை அடி கழிக்க வேண்டும். நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் கணக்குப் பார்க்க அது வசதி. உங்களுக்கு மூன்று மடிப்பு, 15 போனால் மிச்சம் 20. உங்கள் குழாய் 31 அடி. பதினொரு அடி அதிகம். மெஷினோடு வந்த புத்தகத்திலும் நீள அட்டவணை ஒன்று இருக்கும். சில மெஷின்கள் இதைவிடக் கூட நீளத்துக்கு இடம் கொடுக்கும், அப்போது புத்தகம் சொல்வதே சரி.

அதோடு, கூரைக்குக் கீழே குளிரில் போகிற குழாய்க்கு உறை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாவிட்டால் ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி, பஞ்சோடு சேர்ந்து கூழ் மாதிரித் தங்கிவிடும். சென்ற வருடம் இப்படி ஒரு குழாயைக் கழற்றியபோது ஒரு சட்டித் தண்ணீர் என் தலையில் கொட்டியது. மணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துளைக்கும் மெஷினில் பூட்டுகிற நீளத் தூரிகையை வாங்கிக் குழாயை வாருங்கள். வலப்பக்கமாக மட்டும் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் கம்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று தூரிகை சுவருக்குள் தங்கிவிடும். வளையும் சுருள்குழாய்க்குள் இதை விட வேண்டாம், கிழித்துவிடும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை கணக்கெடுத்தபோது, ஆண்டுக்குச் சுமார் 2,900 குடியிருப்புகளில் ட்ரையரால் தீப்பிடித்திருந்தது. காரணங்களில் முதலாவது, 34 சதவீதம், சுத்தம் செய்யாமை. ஜனவரியில்தான் தீ அதிகம்.

சுத்தம் செய்த பிறகும் காய நேரம் எடுத்தால் பாதையை மாற்ற வேண்டும். சிலர் குழாய் நடுவில் விசிறி போடுவார்கள். போட்டால் ட்ரையருக்கென்றே செய்த விசிறியாக இருக்க வேண்டும், குளியலறை விசிறி உதவாது. என்னைக் கேட்டால், இந்த வீட்டுக்கு வெளிக்குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் ட்ரையர் நல்லது. அது ஆவியைத் தண்ணீராக்கிச் சாக்கடைக் குழாயில் விட்டுவிடும். கொஞ்சம் மெதுவாகக் காயும், விலையும் கூட. அடுத்தடுத்து இரண்டு மெஷின் வாங்கியவரிடம் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வீடு புதிது என்றால், கட்டிக் கொடுத்தவரிடம் கேட்க முதல், ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கு உள்ள டாரியன் உத்தரவாதத்தில் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள்.

கேள்வி: வெளிமூடிக்குள் குருவி கூடு கட்டிவிட்டது. வலை அடிக்கலாமா?
வாசகி, ஏஜக்ஸ்

பதில்: அடிக்க வேண்டாம். இதில் நான் அனுபவசாலி, தப்பான வகையில்.

1997 இல் நான் வாங்கிய முதல் வீட்டில் ஸ்ராலிங் குருவிகள் வந்தன. கறுப்பாக, புள்ளி வைத்து, மினுங்கிக்கொண்டு இருக்குமே, அவைதான். 1890 இல் நியூயோர்க் சென்றல் பார்க்கில் ஐரோப்பாவில் இருந்து கொண்டுவந்து திறந்துவிட்ட சில டசின் குருவிகளின் வாரிசுகள். எங்களைப் போலவே வந்தேறிகள், எங்களைப் போலவே கிடைத்த பொந்தில் குடியேறுகிறவர்கள். அதற்காகப் பரிவு காட்டாமல், நுளம்பு வலை மாதிரி ஒரு கம்பிவலையை வெட்டி மூடிக்கு மேல் அறைந்துவிட்டேன். மெஷின் திருத்துவது என் தொழில், சொன்னால் வெட்கம். மூன்று கிழமைக்குள் அந்த வலையில் பஞ்சு அடர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் மனைவி "ஏதோ அயர்ன் பண்ணிக் கருகின மணம் வருது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் ட்ரையரின் வெப்ப ஃபியூஸ் எரிந்து நின்றுவிட்டது. அந்தச் சின்ன ஃபியூஸ் தன் வேலையைச் செய்திராவிட்டால் இந்தப் பக்கத்தை வேறு யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வலையோ கம்பித்தடுப்போ ட்ரையர் மூடிக்கு ஆகாது. தானாகத் திறந்து மூடும் நல்ல தட்டு உள்ள மூடி போதும். கூட்டில் குஞ்சு இருந்தால் மூன்று கிழமை பொறுங்கள், பறந்துவிடும். அதுவரை ட்ரையரை ஓட்ட வேண்டாம். பிறகு கூட்டை எடுத்து, குழாய் முழுவதையும் வாரிவிட்டுப் புதுமூடி போடுங்கள். மாதம் ஒருமுறை ட்ரையர் ஓடும்போது வெளியே போய், தட்டு நன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குளிரில் தட்டில் ஐஸ் பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கேள்வி: நான் கொண்டோவில் பதினாலாம் மாடியில் இருக்கிறேன். ட்ரையர் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறேன். இப்போது உடுப்பு காயவில்லை. வெளிமூடியை எப்படி எட்டுவது?
வாசகர், மிசிசாகா

பதில்: எட்ட வேண்டாம், ஐயா. அது கட்டட நிர்வாகத்தின் வேலை. நீங்கள் ட்ரையருக்கு மேலே சீலிங்கையோ பக்கச் சுவரையோ பாருங்கள். பல கொண்டோக்களில் சின்னக் கதவு வைத்த ஒரு பெட்டி இருக்கும், இரண்டாவது பஞ்சு வடிகட்டி. வீடு வாங்கும்போது அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சென்ற மாதம் ஒரு அம்மாவின் வீட்டில் திறந்தேன், எட்டு வருடத்துப் பஞ்சு தலையணை மாதிரி வந்து விழுந்தது. உங்களுக்கும் அதேதான் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு பெட்டியே இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவோம். அந்தத் துவாய்களைத் தோய்த்து ட்ரையரில் போடலாமா? காய்ந்த பிறகும் எண்ணெய் மணம் இருக்கிறது.
வாசகி, மார்க்கம்

பதில்: மணம் இருக்கிறது என்றால் எண்ணெய் இருக்கிறது, அம்மா. தாவர எண்ணெய் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேரும்போது தானாகச் சூடாகும். ட்ரையருக்குள் சூடேறிய துவாய்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால், உள்சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்ப் பற்றிவிடலாம். மெஷின் நின்று பல மணித்தியாலம் கழித்தும் நடக்கும். சமையலறைத் துணிக்கும் இதேதான். எண்ணெய்த் துவாயைப் புறம்பாக, சுடுதண்ணீரில், சோப்பு கூடப் போட்டுத் தோய்த்து, பேஸ்மென்ற்றில் ஒரு கொடியில் விரித்துப் போடுங்கள். கிழமைக்கு இரண்டு துவாய்தானே, யன்னல் வடியாது.

இன்னும் மூன்று கடிதம் மேசையில் கிடக்கிறது. மூன்றும் வொஷர் தண்ணீர்க் குழாய் வெடித்தது பற்றியவை, அடுத்த மாதம் பார்ப்போம்.